தோட்டத்துக் காட்டுப்பூக்களையும் இளவேனில் மலர்களையும் பகிர்ந்துகொள்வது எப்படி?

இளவேனில் தொடங்கிச் சில வாரங்களுக்குள் வீட்டுத் தோட்டத்தில் நம் தேவைக்கு மேலாகவே பூக்கள் பூத்துவிடுகின்றன. டாஃபடிலும் துலிப்பும் பாத்தியை நிறைத்து நிற்கும். ப்ரிம்ரோஸ் தூர்விட்டுப் பக்கத்துச் செடியை நெருக்கும். போன ஆண்டு தானாக உதிர்ந்த விதையிலிருந்து பாப்பி நாற்றுகள் நடைபாதையின் கல்லிடுக்கில்கூட முளைத்திருக்கும். இவற்றைப் பார்த்து ஆசைப்படும் நண்பருக்குக் கொஞ்சம் கொடுத்தனுப்ப வேண்டும் என்று நமக்குத் தோன்றுவது இயல்பு. ஆனால் அப்படி ஆசையோடு கொடுத்ததில் பெரும்பகுதி வீணாகிப் போவதையும் பார்க்கிறோம். நண்பகலில் பறித்துக் கொடுத்த பூ மாலைக்குள் தலை தொங்கிவிடுகிறது. ஈரம் உலராத விதை பொட்டலத்துக்குள்ளேயே பூசணம் பிடிக்கிறது. பூத்துக்கொண்டிருக்கும்போதே பிடுங்கிக் கொடுத்த செடி புதிய மண்ணில் வேர் பிடிக்காமல் காய்ந்துபோகிறது. கொடுப்பதற்கென்று செடிக்கு ஒரு வேளை இருக்கிறது. அது நமக்குக் கொடுக்கத் தோன்றும் வேளையோடு எப்போதும் ஒத்துப்போவதில்லை. முதன்முறையாகப் பூக்களையும் விதைகளையும் செடிகளையும் பகிர முனைபவர்கள் அந்த வேளைகளை அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில், எதைக் கொடுப்பது என்று முடிவு செய்யுங்கள்

ஒரு செடியை எந்த வடிவில் கொடுக்கலாம் என்பது அதன் ஆயுளைப் பொறுத்தது. பாப்பி, கார்ன்ஃப்ளவர், நிஜெல்லா போன்றவை முளைத்து, பூத்து, காய்த்து, ஓராண்டுக்குள் முடிந்துவிடும் செடிகள். அவற்றை விதையாகக் கொடுப்பதே சரி. குறிப்பாகப் பாப்பிக்கு ஆணிவேர் இருப்பதால், அது வேர் அசைவதைப் பொறுத்துக்கொள்ளாது. ஃபாக்ஸ்குளோவ் முதலாண்டில் இலைகளை மட்டும் விட்டு, இரண்டாம் ஆண்டில் பூக்கும் செடி; அதை விதையாகவும் கொடுக்கலாம், முதலாண்டு நாற்றாகவும் கொடுக்கலாம். ப்ரிம்ரோஸ், வயலட் போன்ற பல்லாண்டுச் செடிகளைத் தூர் பிரித்துக் கொடுக்கலாம். ஸ்னோடிராப், டாஃபடில் போன்றவற்றுக்குக் கிழங்கு. வெட்டிய பூவாகக் கொடுப்பது எல்லாவற்றிலும் எளிது என்று தோன்றும். உண்மையில் அதிகக் கவனம் தேவைப்படுவது அதற்குத்தான்.

காட்டுப்பூ என்று நான் இங்கே சொல்வது, மனிதர் கலப்பினமாக மாற்றாத இயல்பான வகைகளைத் தோட்டத்தில் விதைத்து வளர்ப்பதைத்தான். புல்வெளியிலும் காட்டிலும் தானாக வளர்ந்து நிற்பவற்றைத் தோண்டி எடுத்துப் பகிர்வது இதில் சேராது. அழிவை நோக்கிப் போகும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை 1973ல் கையெழுத்தாகி 1975ல் நடைமுறைக்கு வந்தது. ஸ்னோடிராப் பேரினம் முழுவதும் இன்று அதன் இரண்டாம் பட்டியலில், அதாவது வணிகத்தைக் கட்டுப்படுத்த வேண்டியவற்றின் பட்டியலில், இருக்கிறது. கையளவு உயரமுள்ள ஒரு சிறு வெள்ளைப் பூச்செடிக்கு அத்தகைய காப்பு தேவைப்பட்டிருக்கிறது என்றால், காட்டுக் கிழங்குகளைத் தோண்டும் பழக்கம் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். எனவே உங்கள் தோட்டத்தில் பெருகியதை மட்டும் கொடுங்கள்.

பெருகுவது என்பதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. கேட்காமலே பெருகும் செடியைக் கொடுக்கும் முன் ஒருமுறை யோசிக்க வேண்டும். இமாலயப் பால்சம் 1839ல் அழகுச் செடியாகப் பிரிட்டனுக்குக் கொண்டுபோகப்பட்டது. முற்றிய காய் லேசாகத் தொட்டாலே வெடித்து, ஏழு மீட்டர் தூரம் வரை விதையை எறியக்கூடியது அது. தோட்டங்களிலிருந்து வெளியேறி, ஆற்றங்கரைகளில் பரவி, அங்கே இயல்பாக வளர்ந்த செடிகளை மூடிவிட்டது. பல வண்ண லூபினும் நியூசிலாந்தின் ஆற்றுப்படுகைகளில் இப்படித்தான் பெருகியது. ஒரு செடியைக் கொடுப்பதற்கு முன், வாங்குபவர் வசிக்கும் பகுதியில் அது பரவும் களையாக அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று அவரையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். இதற்கு ஐந்து நிமிடம் போதும். அறிவிக்கப்பட்டிருந்தால், அந்தச் செடியைத் தவிர்த்து வேறொன்றைக் கொடுங்கள்.

பூக்களைப் பறித்துக் கொடுத்தல்

பூவின் பருவங்களுக்குத் தமிழில் அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று ஏழு பெயர்கள் உண்டு. பறிக்கப் பழகுபவருக்கு இதைவிட நல்ல அளவுகோலை நான் அறியேன். முழுதாக விரிந்த மலரைக் கண்டு நாம் மயங்கிப் பறிக்கிறோம். ஆனால் பெரும்பாலான இளவேனில் பூக்களைப் பறிக்க வேண்டியது முகையாக இருக்கும்போது, அதாவது நிறம் தெரிந்து, இதழ் இன்னும் அவிழாமல் இருக்கும்போது. டாஃபடிலின் மொட்டு முதலில் வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நிற்கும். பின் நிறமேறி, கழுத்து வளைந்து, பக்கவாட்டில் சாயும். அந்த வளைவு வந்த நாளே பறிக்கும் நாள். துலிப்பை, மொட்டின் அடியில் சிறிது பச்சை மிஞ்சியிருக்க, மேற்பகுதி முழுவதும் நிறமேறிய நிலையில் வெட்ட வேண்டும். பாப்பியின் மொட்டு தலை கவிழ்ந்திருந்து, பூப்பதற்குச் சற்று முன் நிமிர்ந்து, பச்சை உறை பிளந்து, உள்ளே மடிந்திருக்கும் இதழின் நிறத்தை ஒரு கீற்றாகக் காட்டும்; அந்தக் கீற்றுத் தெரிந்த காலையில் வெட்டுங்கள். லூபின், ஃபாக்ஸ்குளோவ் போலக் கதிராகப் பூப்பவற்றில் அடிப்பூக்கள் மூன்றில் ஒரு பங்கு விரிந்திருந்தால் போதும்.

இதற்கு நேர்மாறானது ஹெலிபோர். இளம் பூவாக வெட்டினால் ஒரு மணி நேரத்தில் தலை தொங்கிவிடும். மகரந்தத் தாள்கள் உதிர்ந்து, நடுவில் விதைக்காய் திரண்டு, இதழ்போலத் தோன்றும் புல்லிகள் கெட்டிப்பட்ட பின் வெட்டினால் பல நாள் நிற்கும். இளம் பூவைத்தான் கொடுக்க வேண்டும் என்றால், தண்டில்லாமல் பூவை மட்டும் கிள்ளி, அகன்ற கிண்ணத்து நீரில் மிதக்கவிட்டுக் கொடுப்பது நல்லது.

பறிக்க ஏற்றது அதிகாலை நேரம். இரவில் செடி நீரை நிறைத்துக்கொள்வதால் தண்டு அப்போது விறைப்பாக இருக்கும். வெயில் ஏற ஏற இலைவழியாக நீர் வெளியேறி, நண்பகலில் செடி தன்னிடமிருந்த நீரை இழந்து நிற்கும். கூரான கவாத்துக் கத்தரியையும், பாதி நீர் நிரப்பிய வாளியையும் செடியருகே கொண்டுபோய், வெட்டியவுடன் தண்டை நீரில் இடுங்கள். கையில் கொத்தாகச் சேர்த்துக்கொண்டு வீட்டுக்குள் வந்து நீரில் வைக்கும் பத்து நிமிடத்துக்குள், வெட்டுவாய் வழியாகக் காற்று புகுந்து, நீர் ஏறும் நுண்குழாய்களை அடைத்துவிடும். நீர்மட்டத்துக்குக் கீழே வரும் இலைகளை எல்லாம் உருவிவிட வேண்டும். அவை அழுகுவதால் பெருகும் பாக்டீரியாவும் அதே குழாய்களைத்தான் அடைக்கும். இப்படி நீரில் இட்ட பூக்களைச் சில மணி நேரமாவது, முடிந்தால் ஓர் இரவு, குளிர்ந்த நிழலான இடத்தில் வைத்திருந்து பிறகு கொடுங்கள். என் அனுபவத்தில், பூக்களின் ஆயுளை அதிகம் கூட்டுவது இந்தக் காத்திருப்புதான்.

சில பூக்களுக்குத் தனிப்பட்ட கவனிப்பு வேண்டும். டாஃபடில் தண்டின் வெட்டுவாயை விரலால் தொட்டு மெல்ல இழுத்துப் பாருங்கள். பிசுபிசுப்பான நீர் நூலிழையாக நீளும். அந்தச் சாற்றில் கால்சியம் ஆக்சலேட்டின் ஊசி போன்ற நுண்படிகங்கள் உள்ளன. நாள் முழுவதும் டாஃபடில் பறிப்பவர்களின் விரல்களில் அரிப்பும் சிவப்பும் வருவதற்கு அவை ஒரு காரணம். அதே சாறு குவளை நீரில் கலந்தால் உடனிருக்கும் துலிப்பும் பிற பூக்களும் விரைவில் வாடும். ஆகவே டாஃபடிலைத் தனி வாளியில் குறைந்தது ஆறு மணி நேரம் வைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, தண்டை மறுபடியும் வெட்டாமல் மற்றவற்றோடு சேருங்கள். மறுபடி வெட்டினால் சாறு மறுபடியும் வடியும். பாப்பியின் தண்டிலிருந்து வடியும் பால் உறைந்து, அதன் வழியையே அடைத்துக்கொள்ளும். நுனியை ஓர் அங்குல அளவுக்குக் கொதிநீரில் இருபது விநாடி பிடித்தால் சரியாகும். துலிப் வெட்டிய பின்னும் வளரும், வெளிச்சத்தை நோக்கி வளையும். கொண்டுபோகும் வரை காகிதத்தை இறுகச் சுற்றி நேராக நிறுத்தி வையுங்கள்.

கொண்டுசெல்லும்போது, தண்டின் அடியை நனைத்த காகிதத்தால் சுற்றி, அதன் மேல் பிளாஸ்டிக் உறை கட்டலாம். பூப்பகுதியை மூட வேண்டாம். பழுத்த பழங்கள் இருக்கும் பையில் பூக்களை வைக்காதீர்கள். பழம் வெளியிடும் எத்திலின் வாயு பூவின் முதுமையை விரைவுபடுத்தும்.

எவ்வளவு பறிக்கலாம்? டாஃபடிலில் பூத்தண்டை மட்டும் எடுத்து, இலைகள் அனைத்தையும் விட்டுவிட வேண்டும். பூ முடிந்த பின் ஆறு வாரமாவது அந்த இலைகள் பச்சையாக நின்றால்தான் கிழங்கு அடுத்த ஆண்டுக்கான உணவைச் சேர்க்கும். துலிப்பில் அடியில் இரண்டு இலைகளாவது மிஞ்ச வேண்டும். காட்டுப்பூப் பாத்தியில் பூத்ததில் பெரும்பகுதியைத் தேனீக்களுக்கும் விதைக்கும் விட்டுவிடுங்கள். இளவேனிலின் தொடக்கத்தில் வெளிவரும் தேனீக்களுக்கு வேறு பூக்கள் அதிகம் கிடைப்பதில்லை.

விதையாகக் கொடுத்தல்

விதை சேகரிப்பு பூக்கும் காலத்திலேயே தொடங்குகிறது. எந்தச் செடியின் விதையைக் கொடுக்க விரும்புகிறீர்களோ அதன் தண்டில், பூத்திருக்கும்போதே ஒரு வண்ண நூலைக் கட்டிவிடுங்கள். காய் முற்றும் நேரத்தில் எல்லாச் செடிகளும் ஒரே பழுப்பாகக் காய்ந்து நிற்கும். எது வெள்ளை, எது நீலம் என்று யாராலும் சொல்ல முடியாது. நான் தொடக்கத்தில் நூல் கட்டாமல், நினைவை நம்பிக் கொலம்பைன் விதைகளை "அடர் நீலம்" என்று எழுதி ஒரு தோழிக்குக் கொடுத்தேன். அவர் ஓராண்டு காத்திருந்து பார்த்தபோது, வெளிறிய இளஞ்சிவப்பும் ஊதாவுமாகப் பூத்திருந்தன. நூல் கட்டாதது ஒரு தவறு. கொலம்பைன் வகைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் தாராளமாகக் கலந்து மகரந்தம் ஏற்கும் என்பதை அறியாதது இன்னொரு தவறு. அப்படிக் கலக்கும் செடிகளின் விதையைக் கொடுக்கும்போது "தாய்ச்செடி அடர் நீலம், பிள்ளைகள் வேறு நிறமாகலாம்" என்று எழுதிவிடுவதுதான் நேர்மை. கடையில் வாங்கிய முதல் தலைமுறைக் கலப்பின விதையிலிருந்து வந்த செடிகளுக்கும் இதே குறிப்பு பொருந்தும்.

காய் முற்றியதை நிறமும் ஒலியும் சொல்லும். பச்சை மறைந்து பழுப்பாகி, அசைத்தால் உள்ளே விதை சலசலக்க வேண்டும். பாப்பிக்காயின் மூடிக்குக் கீழே வட்டமாகச் சிறு துளைகள் திறக்கும். அப்போது தண்டோடு மெல்ல வளைத்து, காகித உறைக்குள் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினால், உப்புக் குடுவையிலிருந்து கொட்டுவதுபோல விதை கொட்டும். வயலட், லூபின் முதலியவற்றின் காய்கள் வெயிலில் முறுக்கி வெடித்து, நாம் பார்க்காத நேரத்தில் விதையை எறிந்துவிடும். காய் பழுக்கத் தொடங்கும்போதே மெல்லிய துணிப்பையை அதன் மேல் கட்டிவிட்டால், வெடித்தாலும் விதை பைக்குள் இருக்கும். ஈரமில்லாத நாளில், பனி காய்ந்த பிறகு சேகரியுங்கள். ஒரு பாத்தியில் இருக்கும் விதையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல் இருப்பது நல்லது. ஒரே செடியிலிருந்து எடுக்காமல் பல செடிகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால், கொடுக்கும் விதையில் பன்மையும் இருக்கும்.

சேகரித்ததை உடனே பொட்டலம் கட்டக் கூடாது. காகிதத்தில் மெல்லிதாகப் பரப்பி, காற்றோட்டமான நிழலில் ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை உலர்த்துங்கள். நேர் வெயிலும் அடுப்புச் சூடும் வேண்டாம். உலர்ந்த பின் காய்த்தோலை நொறுக்கி, சலித்து, புடைத்துப் பதரை நீக்க வேண்டும். பதரை நீக்குவது பார்வைக்காக மட்டும் அன்று. அதில்தான் ஈரமும் பூச்சி முட்டையும் தங்கும். விதையில் ஊசி முனையளவு துளை தெரிந்தால், உள்ளே வண்டு இருந்திருக்கிறது; அவற்றைத் தனியே பிரித்து விடுங்கள். பிறகு காகித உறையில் இட்டு, அந்த உறைகளை இறுக மூடும் குப்பியில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் சிறிதளவோடு, குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம். விதையின் ஈரப்பதம் ஒரு விழுக்காடு குறைந்தாலோ, சேமிப்பிடத்தின் வெப்பம் ஐந்தாறு செல்சியஸ் குறைந்தாலோ, விதையின் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது விதை சேமிப்போர் கையாளும் பொதுக் கணக்கு. உலர்த்துவதில் பொறுமை காட்டச் சொல்வது இதனால்தான்.

ஆனால் எல்லா விதையும் இப்படிச் சேமிக்கத் தக்கதல்ல. ஸ்னோடிராப், ஹெலிபோர் விதைகள் உலர்ந்துவிட்டால் முளைப்பதற்கு மிகவும் தாமதிக்கும், அல்லது முளைக்காமலே போகும். ப்ரிம்ரோஸ் விதையும் புதிதாக இருக்கும்போது நன்றாக முளைக்கும். இவற்றைச் சேகரித்த வாரத்திலேயே கொடுத்து, உடனே விதைக்கச் சொல்லுங்கள். புல்லின் வேரை ஒட்டி அதன் சத்தில் ஒரு பகுதியை உறிஞ்சி வாழும் யெல்லோ ராட்டில், புல் அடர்ந்த இடத்தைக் காட்டுப்பூக்களுக்கு ஏற்றதாக மாற்ற மிகவும் உதவும் செடி. அதன் விதை அடுத்த ஆண்டுக்குத் தாங்காது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். மறுபக்கம், வியக்கத்தக்க ஆயுளுடைய விதைகளும் உண்டு. வில்லியம் ஜேம்ஸ் பீல் என்ற தாவரவியலாளர் 1879ல் அமெரிக்காவின் மிச்சிகனில் களைச்செடிகளின் விதைகளை மணலோடு கலந்து 20 குப்பிகளில் இட்டுப் புதைத்துவைத்தார். 2021ல் தோண்டி எடுத்த குப்பியிலிருந்து வெர்பாஸ்கம் என்னும் செடியின் விதைகள் 140 ஆண்டுகளுக்கும் மேலான பிறகு முளைத்தன. உங்களிடம் இருக்கும் பழைய விதை எந்த வகை என்று ஐயம் இருந்தால், ஈரமான காகிதத்தில் இருபது விதைகளைச் சுருட்டி, பிளாஸ்டிக் உறையிலிட்டு வைத்து, முளைத்தவற்றை எண்ணிப் பாருங்கள். பாதிக்கும் குறைவாக முளைத்தால், அதைச் சொல்லி, அளவைக் கூட்டிக் கொடுங்கள். குளிர் படாமல் முளைக்காத வகைகளை இந்தச் சோதனையால் அறிய முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

செடியாகவும் கிழங்காகவும் கொடுத்தல்

பொதுவாகப் பூத்து முடிந்த பிறகே தூர் பிரிக்க வேண்டும். ப்ரிம்ரோஸை, கடைசிப் பூ வாடியதும், மேகமூட்டமான நாளில் முழுத் தூரோடு தோண்டி, வேரிலுள்ள மண்ணை நீரில் அலசி, கைகளால் மெல்ல இழுத்தாலே தனித்தனிக் கொண்டைகளாகப் பிரியும். ஒவ்வொன்றிலும் வேரும் இலைக்கொண்டையும் இருக்கிறதா என்று பாருங்கள்.

ப்ரிம்ரோஸைப் பொறுத்தவரை, பிரிப்பதற்கு முன்பே, அது பூத்திருக்கும் நாளில் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. பூவை முகத்துக்கு அருகே கொண்டுவந்து, அதன் தொண்டைக்குள் பாருங்கள். சில செடிகளின் எல்லாப் பூக்களிலும், தொண்டையின் நடுவில் குண்டூசித் தலைபோலப் பச்சையான சூல்முடி ஒன்று தெரியும்; வேறு சில செடிகளின் பூக்களில், அது தெரியாமல், மகரந்தப் பைகள் வட்டமாகச் சூழ்ந்து நிற்கும். இந்த இருவகைப் பூக்களைப் பற்றி சார்ல்ஸ் டார்வின் 1862ல் விரிவாக எழுதினார்: ஒருவகைப் பூவின் மகரந்தம் மற்றவகைப் பூவில் சேரும்போதுதான் விதை நன்றாகப் பிடிக்கிறது. ஒரே தூரைப் பிரித்து நான்கு துண்டு கொடுத்தால், நான்கும் ஒரே வகை. வாங்கியவர் தோட்டத்தில் வேறு ப்ரிம்ரோஸ் இல்லாவிட்டால், அவை ஆண்டுதோறும் பூத்தும் விதை மிகக் குறைவாகவே பிடிக்கும். ஆகவே பூக்கும்போதே இருவகைச் செடிகளுக்கும் இரு நிற நூல் கட்டி அடையாளமிட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டாகச் சேர்த்துக் கொடுங்கள். பிறகு எறும்புகள் பார்த்துக்கொள்ளும். ப்ரிம்ரோஸ், வயலட் விதைகளில் ஒட்டியிருக்கும் கொழுப்புச் சதைக்காக அவை விதைகளைத் தூக்கிச் சென்று தோட்டமெங்கும் பரப்பும்.

ஸ்னோடிராப்பைப் பூ முடிந்து, இலை இன்னும் பச்சையாக இருக்கும்போது பெயர்த்துக் கொடுப்பது நல்லது. அதன் சிறு கிழங்கு உலர்ந்துவிட்டால் மீள்வது கடினம். முன்பு இருந்த ஆழத்திலேயே, அதாவது தண்டில் பச்சை தொடங்கும் இடம் வரை மண் மூடும்படி, அன்றே நடச் சொல்லுங்கள். டாஃபடில் அப்படியல்ல. இலை முற்றிலும் மஞ்சளாகிச் சாய்ந்த பின் தோண்டி, உலர்த்தி, இலையுதிர் காலத்தில் கொடுக்கலாம்.

செடியோடு மண்ணைக் கொடுக்காதீர்கள் என்பதை மிகவும் வலியுறுத்திச் சொல்வேன். பல ஆண்டுகளுக்கு முன் அன்போடு தரப்பட்ட ஒரு மண்கட்டியோடு, வெள்ளை நூல்போன்ற ஒரு வேர்த்துண்டும் என் தோட்டத்துக்கு வந்தது. அது பைண்ட்வீட் என்னும் சுற்றுக்கொடியின் வேர். விரல் நீளத் துண்டு கிடைத்தாலும் தழைத்துவிடும் அந்தக் கொடியை நான் இன்றும் முழுதாக ஒழிக்கவில்லை. வேரை வெண்மையாகத் தெரியும் வரை அலசி, செடிக்குச் சொந்தமில்லாத வேர் எதுவும் பின்னியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, ஈரக் காகிதத்தில் சுற்றியோ, புதிய சுத்தமான தொட்டி மண்ணில் வைத்தோ கொடுங்கள். மண்ணை விலக்கினால் நத்தை முட்டை, புழு, வேர்நோய் ஆகியவை பயணிக்கும் வழியும் பெருமளவு அடைபடும். இலையில் புள்ளியோ சுருக்கமோ இருக்கும் செடியை அந்த ஆண்டு யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

பெயர்ச்சீட்டும் நச்சுத்தன்மையும்

ஒவ்வொரு உறையிலும் தொட்டியிலும் ஒரு சீட்டு இருக்க வேண்டும். செடியின் பெயர், சேகரித்த மாதமும் ஆண்டும், தாய்ச்செடியின் நிறமும் உயரமும், வெயிலா நிழலா என்பது, விதைக்கும் பருவம் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதுங்கள். ஈரத்தில் மை கரைந்துவிடும், பென்சில் எழுத்து நிற்கும். புழக்கப் பெயரோடு தாவரவியல் பெயரையும் எழுதுவது நல்லது. புளூபெல் என்ற ஒரு பெயரால் பல நாடுகளில் வெவ்வேறு செடிகள் அழைக்கப்படுகின்றன. கார்ல் லின்னேயஸ் 1753ல் வகுத்து நிலைநிறுத்திய இருசொற் பெயர் இருந்தால் குழப்பம் வராது.

சீட்டில் கட்டாயமாக இடம்பெற வேண்டிய இன்னொன்று, நச்சுத்தன்மை. இளவேனில் அழகிகளில் பல நஞ்சுடையவை. ஃபாக்ஸ்குளோவின் எல்லாப் பகுதிகளும் இதயத்தைத் தாக்கக்கூடியவை. பூவில்லாத முதலாண்டில் அதன் இலையைக் காம்ஃப்ரி என்னும் மூலிகையின் இலையாக எண்ணி உட்கொண்டு நோயுற்றவர்கள் உண்டு. லில்லி ஆஃப் த வேலியும் அதே வகை நஞ்சுடையது. அதை வைத்த குவளையின் நீரைக்கூடக் குழந்தைகளுக்கு எட்டாமல் கொட்டிவிட வேண்டும். டாஃபடில் கிழங்கு வெங்காயம்போலவே இருப்பதால் அதைச் சமையலறைப் பக்கமே வைக்கக் கூடாது. பூனை வளர்க்கும் வீட்டுக்கு லில்லியம் இன லில்லிப் பூக்களைக் கொடுக்கவே வேண்டாம்; உரோமத்தில் ஒட்டிய மகரந்தத்தைப் பூனை நக்கினாலே அதன் சிறுநீரகம் செயலிழக்கக்கூடும். வீட்டில் சிறு குழந்தையோ வளர்ப்புப் பிராணியோ உண்டா என்று கேட்டுவிட்டுப் பூவைத் தேர்ந்தெடுங்கள்.

அஞ்சலில் அனுப்புவதாக இருந்தால், நாட்டின் எல்லைக்குள் மட்டும் அனுப்புங்கள். எல்லை தாண்டும் விதைக்கும் செடிக்கும் பல நாடுகள் தாவர நலச் சான்றிதழ் கேட்கின்றன. 2020ல் அமெரிக்காவில் பலருடைய வீடுகளுக்குக் கேட்காத விதைப் பொட்டலங்கள் வந்து சேர்ந்தபோது, அவற்றை விதைக்க வேண்டாம் என்று அந்நாட்டு வேளாண் துறை அறிவித்தது. அறியாத விதையோடு வரக்கூடிய நோயும் களையும் அவ்வளவு அஞ்சத்தக்கவை.

வாங்குபவருக்குச் சொல்லி அனுப்ப வேண்டியவை

காட்டுப்பூ விதையை வாங்கியவர் செய்யும் பொதுவான தவறு, நிலத்துக்கு எருவும் உரமும் இட்டுச் செழிப்பாக்குவது. செழித்த மண்ணில் முதலில் எழுவது புல்லும் களையும்தான். சத்துக் குறைந்த மண்ணே காட்டுப்பூக்களுக்கு ஏற்றது. இருக்கும் புல்லை அகற்றி, மண்ணைக் கிளறிச் சமப்படுத்தி, ஒரு சதுர மீட்டருக்கு இரண்டு மூன்று கிராம் விதையே போதும் என்று சொல்லுங்கள். அவ்வளவு சிறிய அளவைக் கையால் சீராகத் தூவ முடியாது என்பதால், விதையைப் போல ஐந்து மடங்கு உலர்மணலில் விரவி, பாதியை நீளவாக்கிலும் மீதியைக் குறுக்குவாக்கிலும் தூவ வேண்டும். மணலின் வெளிர்நிறம் எங்கே விழுந்தது, எங்கே விடுபட்டது என்பதையும் காட்டிக்கொடுக்கும். தூவிய பின் மண்ணால் மூட வேண்டாம். பாப்பி, ஃபாக்ஸ்குளோவ் போன்ற நுண்விதைகள் முளைக்க வெளிச்சம் தேவை. பலகையை வைத்து மிதித்து, விதை மண்ணோடு ஒட்டும்படி அழுத்தி, பூவாளியால் மெல்ல நீர் தெளித்தால் போதும்.

கொலம்பைன், ப்ரிம்ரோஸ், யெல்லோ ராட்டில் முதலியவற்றின் விதைகளுக்குக் குளிர்காலத்தைக் கடந்தால்தான் முளைக்கும் உணர்வு வரும். அவற்றை இலையுதிர் காலத்திலேயே வெளியில் விதைப்பது எளிய வழி. அந்தப் பருவம் தவறிவிட்டால், ஈரமணலில் விரவி, குளிர்பதனப் பெட்டியில் நான்கு முதல் ஆறு வாரம் வைத்து விதைக்கலாம். யெல்லோ ராட்டிலுக்கு இன்னும் நீண்ட குளிர் வேண்டும் என்பதால், அதை மட்டும் இலையுதிர் காலத்தில் விதைப்பதே பாதுகாப்பு. லூபின் விதையின் தோல் கெட்டியானது. ஓர் இரவு நீரில் ஊறவைத்து, பருத்தவற்றை முதலில் ஊன்றச் சொல்லுங்கள்.

ஃபாக்ஸ்குளோவ் விதையைக் கொடுக்கும்போது, அது முதல் கோடையில் பூக்காது என்பதைச் சீட்டிலேயே எழுதிவிடுங்கள். தரையோடு ஒட்டிய சாம்பல் பச்சை இலைக்கொத்தை மட்டும் கண்டு, களை என்று நினைத்துப் பிடுங்கிவிடுபவர்கள் பலர். முளைத்து நான்கு இலை விட்டதும் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எது செடி, எது களை என்று அப்போதே சொல்லிவிட்டால், அடுத்த ஆண்டு இளவேனில் முடியும் வேளையில் அது கதிர் விடும்.